அத்தியாயம் 9: அருங்காட்சியகத்துக்குப் போகும் சுவர்க் கடிகாரம்

இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு வகைக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் செய்யப்பட்டு, கப்பலில் நம் ஊருக்கு வந்து சேர்ந்த எட்டு நாள் சுவர்க் கடிகாரம் அது. ஆன்சோனியா, சேத் தாமஸ், வாட்டர்பரி என்ற பெயர்களைச் செட்டிநாட்டு வீடுகளில் நீங்களே பார்த்திருக்கலாம். டயலில் இரண்டு சாவித் துளைகள் இருக்கும். பெரும்பாலும் வலப்பக்கத் துளை நேரத்துக்கு, இடப்பக்கத் துளை மணிக்கு. உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள், அவற்றுக்கு நடுவே பல்சக்கரங்கள், மூடியில்லாமல் விரிந்து கிடக்கும் இரண்டு மெயின் ஸ்பிரிங்குகள்.

வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு ஓடவைக்க உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கைப்பழக்கம் இங்கேயும் வேண்டும். ஆனால் அதில் சிலவற்றைப் பட்டறை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பளபளவென்று துலக்குவது, தேய்ந்த பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவது, பழைய டயலுக்குப் பதில் அச்சடித்த புது டயல் ஒட்டுவது எல்லாம் வாடிக்கையாளரை மகிழ்விக்கும். அருங்காட்சியகப் பொருளைக் கெடுக்கும்.

ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா?

திருப்புளியை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத்தில் வேண்டும். பெண்டுலம் நிமிடத்துக்கு 120 முறை அசையும் கடிகாரம் ஒரு நாளில் 1,72,800 முறை டிக் என்கிறது. ஆண்டுக்கு 6 கோடியே 30 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு முறையும் எஸ்கேப் சக்கரத்தின் ஒரு பல் பேலட்டில் விழுந்து உராய்கிறது. எவ்வளவு நல்ல எண்ணெய் விட்டாலும், ஓடுகிற கடிகாரம் தேயும்.

அதற்காக எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பதில்லை. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், குக் அண்ட் கெல்வி கடிகாரத்துக்குள்ளிருந்து ஒரு பொம்மை வெளியே வந்து மணியடிப்பதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது. அதை நிறுத்தினால் பார்க்க வந்தவர்களுக்கு என்ன மிச்சம்? ஆனால் அபூர்வமான, ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிற இயந்திரம் என்றால், நிற்கட்டும் என்பதே என் கட்சி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: முக்கிய நாட்களில் மட்டும் ஓடவிட்டு, மற்ற நாட்களில் ஸ்பிரிங்கின் விசையை இறக்கி வைப்பது.

சர்வதேச அருங்காட்சியக மன்றத்தின் பாதுகாப்புக் குழு 2008-இல் புதுதில்லியில் கூடியபோது இந்த வேலைகளை மூன்றாகப் பிரித்தது: வருமுன் காப்பது, நடக்கிற சிதைவைத் தடுத்து நிறுத்துவது, பழைய தோற்றத்தை மீட்பது. உங்கள் மேசைக்கு வரும் கடிகாரத்துக்கு முதல் இரண்டும் கட்டாயம் வேண்டும். மூன்றாவதைக் கேட்டால் மட்டும், அதுவும் கேட்ட அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி தேவாலயக் கடிகாரம் ஒரு பாடம். 1386-ஐ ஒட்டிய காலத்தது என்று கருதப்படும் அந்த இயந்திரத்துக்குப் பிற்காலத்தில் பெண்டுலம் பொருத்தியிருந்தார்கள். 1956-இல் அதைச் சீரமைத்தபோது பெண்டுலத்தைக் கழற்றிவிட்டு, அதற்கு முந்தைய முறைப்படி ஓர் ஆடுதண்டைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். இன்று பார்வையாளர் இடைக்கால வேலை என்று வியக்கும் அந்தப் பகுதி ஊகத்தில் செய்தது; பெண்டுலத்தோடு ஓடிய காலத்தின் தடயம் போயே போய்விட்டது.

தொடும் முன் எழுதுங்கள்

கடிகாரம் வந்ததும் சாவி கொடுத்துப் பார்க்கக் கை துடிக்கும். கொடுக்காதீர்கள். துருப்பிடித்த ஸ்பிரிங்கோ, ஆணி தளர்ந்த தடுப்பு நாக்கோ உள்ளே இருந்தால் அந்த ஒரு முறுக்கில் சக்கரங்களின் பற்கள் போய்விடும். முதல் நாள் வேலை முழுவதும் கேமராவுக்கும் நோட்டுக்கும்தான்.

1. முன், பின், இருபக்கம், மேல், கீழ் என ஆறு கோணத்திலும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். கதவைத் திறந்து உட்புறத்தையும் எடுங்கள்.
2. பெட்டிக்குள் ஒட்டிய தாள் லேபிள், பென்சில் குறிப்பு, ரப்பர் முத்திரை, எண் எதையும் துடைக்காமல் அப்படியே பதிவு செய்யுங்கள். சேத் தாமஸ் பெட்டிகளில் ஆண்டைத் திருப்பி அச்சடிக்கும் வழக்கம் இருந்தது. '8981' என்று மங்கலாகத் தெரிந்தால் அது 1898. பக்கத்தில் உள்ள எழுத்து மாதத்தைக் குறிக்கும். அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பிறந்த ஆண்டே போய்விடும்.
3. டயலில் உள்ள பெயரும் இயந்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சென்னை மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் இறக்குமதிக் கடிகாரங்களைத் தங்கள் பெயரிட்டே விற்றன. ஆனால் பெட்டியின் லேபிள் ஒரு கம்பெனியையும் இயந்திரம் இன்னொரு கம்பெனியையும் சொன்னால், இரண்டு கடிகாரங்களை ஒன்றாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதையும் எழுதுங்கள், திருத்தப் போகாதீர்கள்.
4. என்ன குறை, எங்கே விரிசல், எது காணவில்லை என்று பட்டியலிட்டு, அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் 'இந்தக் கீறல் முன்பு இல்லையே' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

*எச்சரிக்கை:* இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ள டயல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 1910-களுக்குப் பின் வந்த பல அலாரக் கடிகாரங்களில் ரேடியம் பூசியிருப்பார்கள். பூச்சு இப்போது ஒளிராமல் போயிருந்தாலும் கதிரியக்கம் அப்படியே இருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். சுரண்டவோ, ஊதவோ, கண்ணாடியைக் கழற்றவோ கூடாது. பெண்டுலத்தில் கண்ணாடிக் குழாயும் உள்ளே வெள்ளி நிறத் திரவமும் இருந்தால் அது பாதரசம். இரண்டும் இந்தப் புத்தகத்தின் எல்லைக்கு வெளியே உள்ளவை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. இப்படிப்பட்ட சந்தேகங்களை அங்கே கேளுங்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை

நல்ல வெளிச்சம், கண்ணில் மாட்டும் லென்ஸ், சாமணம், முனை தேயாத திருப்புளிகள், நைட்ரைல் கையுறை (வியர்வையின் உப்பு பித்தளையில் விரல்ரேகையாகவே அரித்துவிடும்), தடித்த தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, ஸ்பிரிங் கவ்விகள், விசை இறக்கும் சாவி, மூடியுள்ள சிறு டப்பாக்கள், கூராகச் சீவிய மரக்குச்சிகள். திருப்புளியின் அகலம் திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாத திருப்புளி வழுக்கிப் போட்ட கோடு நூறு வருடத்துக்கு உங்கள் பெயரைச் சொல்லும்.

பெட்டியிலிருந்து இயந்திரத்தை எடுத்தல்

1. பெண்டுலக் குண்டை முதலில் கழற்றுங்கள். கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். குண்டோடு தூக்கினால், மேலே பெண்டுலம் தொங்கும் மெல்லிய தகடு மடங்கிவிடும்.
2. நிமிட முள்ளைப் பிடித்திருக்கும் சிறு கூம்பு ஊசியைக் குறடால் இழுங்கள். முள்ளையும் வாஷரையும் எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். மணி முள் உராய்வில்தான் நிற்கிறது. லேசாகத் திருகியபடி முன்னுக்கு இழுத்தால் வந்துவிடும். நெம்புவதானால் டயல் மேல் கெட்டி அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.
3. டயலின் சிறு திருகுகள் அல்லது ஆணிகளைக் கழற்றுங்கள். எந்தத் துளையில் இருந்து எது வந்தது என்று ஒரு அட்டையில் டயலை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.
4. இயந்திரத்தைப் பெட்டியோடு பிணைக்கும் திருகுகளைக் கடைசியாகத் தளர்த்துங்கள். ஒரு கை இயந்திரத்தின் அடியில் இருக்கட்டும். மணியடிக்கும் சுருள் கம்பி பெட்டியிலேயே நிற்கும். சுத்தியல் அதில் மாட்டாமல் நேராக வெளியே எடுங்கள்.

பேலட்டை இந்தக் கட்டத்தில் கழற்றவே கூடாது. ஸ்பிரிங்கில் விசை இருக்கும்போது பேலட் வெளியே வந்தால் சக்கரங்கள் கட்டுப்பாடில்லாமல் சுற்றி, பற்களும் அச்சும் உடையும்.

ஸ்பிரிங்கின் விசையை இறக்குதல்

இந்த அத்தியாயத்தில் கையில் காயம் படக்கூடிய இடம் இதுதான். அவசர வேலை இருக்கிற நாளில் இதைத் தொடாதீர்கள். எட்டு நாள் ஓட்டத்துக்கான விசை ஒரு எஃகுச் சுருளில் அடைந்து கிடக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது க்ளிக் என்னும் சின்ன நாக்கும், அதைப் பிடித்திருக்கும் ஒரு ஆணியும் மட்டுமே. அமெரிக்க இயந்திரங்களில் அந்த ஆணி தளர்ந்துபோவது சர்வசாதாரணம். பக்கத்தில் குழந்தைகளையோ வேடிக்கை பார்ப்பவரையோ வைத்துக்கொள்ள வேண்டாம்.

1. பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும், அது வேண்டாம்.
2. இயந்திரத்தை அசையாமல் பிடிக்கும் தாங்கியிலோ, தாடைகளில் மரம் வைத்த வைஸிலோ பொருத்துங்கள். மடியில் வைத்துச் செய்யும் வேலை இல்லை இது.
3. க்ளிக், அதன் ஆணி, க்ளிக்கை அழுத்தும் சிறு கம்பி மூன்றையும் லென்ஸில் பாருங்கள். ஸ்பிரிங்கில் ஆழமான துருவோ விரிசலோ தெரிந்தால் மேலே போகாமல் அனுபவமுள்ள கடிகாரக்காரரிடம் கொண்டுபோங்கள்.
4. எல்லாம் உறுதியாக இருந்தால், ஸ்பிரிங் கவ்விக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கும்வரை மெதுவாகச் சாவி கொடுங்கள். கவ்வியைச் சுருளின் மேல் நழுவவிடுங்கள். இரண்டு ஸ்பிரிங்குக்கும் இப்படியே.
5. சாவித் தண்டில் விசை இறக்கும் சாவியை மாட்டுங்கள். அதன் கைப்பிடி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். கடிகாரத்தோடு வந்த இறக்கைச் சாவியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. கைநழுவினால் அந்த இறக்கை சுழன்று விரல் எலும்பை உடைக்கும்.
6. சாவியைச் சாவி கொடுக்கும் திசையில் இம்மி திருப்புங்கள். க்ளிக் தளரும். மெல்லிய திருப்புளியால் அதை விலக்கிப் பிடித்தபடி, கைப்பிடியை உள்ளங்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிடுங்கள். ஸ்பிரிங் விரிந்து கவ்வியில் போய் இறுகும்.
7. மற்ற ஸ்பிரிங்குக்கும் அப்படியே செய்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். எதிலாவது இறுக்கம் தெரிந்தால் விசை இன்னும் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

ஏழாவது படியைத் தாண்டாமல் தகட்டின் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது.

பிரித்தல்

மேல் தகட்டைத் தூக்கும் முன் நாலு பக்கத்திலிருந்தும் படமெடுங்கள். குறிப்பாக மணியடிக்கும் பக்கத்தின் கம்பிகள் எது எதன் மேல், எது எதன் கீழ் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது நோட்டைவிட இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். நேரப் பக்கச் சக்கரங்கள் ஒரு தட்டில், மணிப் பக்கச் சக்கரங்கள் இன்னொரு தட்டில் இருக்கட்டும். இரண்டும் பார்க்க ஒன்று போலிருந்து காலை வாரும்.

தகட்டின் உட்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். முன்பு சர்வீஸ் செய்தவர்கள் ஊசியால் தேதியும் பெயரெழுத்தும் கீறி வைத்திருப்பார்கள். அந்தக் கடிகாரம் எந்த ஊர்களில் இருந்தது, எத்தனை ஆண்டுக்கொரு முறை கவனிக்கப்பட்டது என்பதற்கு வேறு ஆவணம் கிடைக்காது. படமெடுத்து, வாசகத்தை நோட்டில் எழுதுங்கள். உங்கள் பெயரைப் பக்கத்தில் கீற வேண்டாம். அதற்குத்தான் அறிக்கை இருக்கிறது.

சுத்தம் செய்தல்

பித்தளை என்றதும் புளி போட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். குத்துவிளக்குக்குச் சரி; இங்கே புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் உலோகப் பாலிஷ் எல்லாவற்றுக்கும் தடை. அமிலம் பித்தளையின் மேற்பரப்பை அரிக்கும். பாலிஷில் உள்ள பொடி அச்சுத் துளைகளில் தங்கி, எஃகு அச்சையே அரம் போல் அறுக்கும். மேலே சொன்ன கீறல் எழுத்துகளும் நாலு துலக்கலில் மறைந்துவிடும்.

அம்மோனியா கலந்த கரைசலைக் கடிகாரக் கடைகளில் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அழுக்கு நொடியில் போகும், பித்தளை மின்னும். ஆனால் உள்ளே இறுக்கம் உள்ள பித்தளையில் அம்மோனியா பட்டால் அது விரிசல் விடும். இதைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்ததே நம் நாட்டு மழைக்காலம்தான். பிரிட்டிஷ் இந்தியப் படையின் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழைக்காலம் வந்தால் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல் உறுதியானது. தகட்டை அடித்தும் வளைத்தும் செய்த உங்கள் கடிகார உறுப்புகளிலும் அதே இறுக்கம் இருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவே:

1. மென்மையான தூரிகையால் தூசைத் தட்டுங்கள்.
2. இறுகிய எண்ணெயை மினரல் டர்பன்டைனில் நனைத்த தூரிகையால் கரையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்; அடுப்பும் சிகரெட்டும் அந்த அறையில் வேண்டாம். நனைந்த துணிகளை மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.
3. அச்சுத் துளைகளில் மரக்குச்சியின் கூரான முனையை விட்டுத் திருகுங்கள். முனை கறுப்பாகும், சீவிவிட்டு மறுபடி விடுங்கள். குச்சி வெள்ளையாகவே வெளியே வரும்வரை இதே வேலை. அலுப்பான வேலைதான், ஆனால் கடிகாரம் ஓடுவதும் நிற்பதும் பெரும்பாலும் இந்தக் குச்சியில்தான் இருக்கிறது.
4. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒருமுறை அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, இளஞ்சூட்டுக் காற்றில் உலர்த்துங்கள். அரக்கு வைத்து ஒட்டிய உறுப்பு ஏதும் இருந்தால் ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளை மங்கலாகவே இருக்கும். இருக்கட்டும்.

தேய்மானம்: எதைத் திருத்துவது, எதை விடுவது

பழைய இயந்திரத்தில் அச்சு சுழலும் துளை வட்டமாக இருக்காது. விசை தள்ளும் பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். சக்கரங்களை மறுபடி தகடுகளுக்கிடையே நிறுத்தி, பெரிய சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து அச்சுமுனைகளைப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். துளைக்குள் அச்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவினால் தேய்மானம் அதிகம்.

கடைகளில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. துளையைச் சுற்றி பஞ்ச் என்னும் எஃகுக் குத்தூசியால் நாலைந்து குத்து குத்தி, உலோகத்தை உள்ளே தள்ளித் துளையைச் சுருக்கிவிடுவார்கள். கடிகாரம் ஓடும், தகடோ நிரந்தரமாகக் கெடும். சிலர் துளையின் மேல் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். இவை உங்கள் கடிகாரத்தில் முன்பே இருந்தால் பதிவு செய்யுங்கள். உறுதியாக நின்றால் அப்படியே விட்டுவிடலாம்; அதுவும் அந்தக் கடிகாரம் கடந்து வந்த பாதையில் ஒரு பகுதி. நீங்கள் புதிதாக அந்தக் குத்துகளைப் போடாதீர்கள்.

சரியான முறை, துளையைப் பெரிதாக்கி அதில் பித்தளை புஷ் பொருத்துவது. ஆனால் இது பழைய உலோகத்தை வெட்டி எடுக்கும் வேலை. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. எனவே நிற்கப் போகிற கடிகாரத்துக்கு புஷ் போடவே வேண்டாம். ஓடப் போகிற கடிகாரத்துக்கு மட்டும், ஓட்டத்தைத் தடுக்கிற துளைகளுக்கு மட்டும், பொறுப்பாளரின் எழுத்து அனுமதியோடு செய்யுங்கள்:

1. துளை எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று குறியுங்கள்.
2. அதற்கு எதிர்ப்பக்கத்தை அதே அளவுக்கு உருண்டை அரத்தால் அராவுங்கள். துளையின் பழைய மையம் மீண்டும் நடுவுக்கு வரும். இதைச் செய்யாமல் நேரே ரீமரை விட்டால், தேய்ந்த பக்கமாகவே மையம் நகர்ந்து சக்கரப் பற்கள் சரியாகப் பொருந்தாமல் போகும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.
3. தகட்டின் உட்புறத்திலிருந்து ரீமரைச் செங்குத்தாக விடுங்கள். புஷ் இறுக்கமாக உட்காரும் அளவு வந்ததும் நிறுத்துங்கள்.
4. புஷ்ஷை அழுத்திப் பொருத்தி, அச்சு தடையின்றிச் சுழலுமளவு உள்துளையை விரித்துக்கொள்ளுங்கள்.
5. எந்தத் துளைக்குப் போட்டீர்கள், எந்த அளவு என்று வரைபடத்தில் குறியுங்கள்.

*குறிப்பு:* இந்த வேலையை முதன்முதலாக அருங்காட்சியகக் கடிகாரத்தில் பழகக் கூடாது. பழைய பொருள் கடையில் உடைந்த இயந்திரம் ஒன்றை வாங்கி, அதன் எல்லாத் துளைகளுக்கும் புஷ் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

உதிரிப்பாகம் வேண்டுமென்றால் ஆன்சோனியா கம்பெனிக்கு எழுதிப்போட முடியாது. 1929-இல் அதன் இயந்திரங்கள் சோவியத் ரஷ்யாவுக்கு விற்கப்பட்டுவிட்டன. இன்னொரு பழைய கடிகாரத்திலிருந்து எடுத்துப் போடுவதைவிட, புதிதாகச் செய்து, லென்ஸில் மட்டும் தெரியும்படி ஆண்டைப் பொறித்துப் பொருத்துவது நல்லது. பார்ப்பவர் ஏமாற மாட்டார். ஆராய்பவரும் ஏமாற மாட்டார்.

சேர்த்தலும் எண்ணெயும்

அச்சுகளைக் கீழ்த்தகட்டில் நிறுத்தி, மேல்தகட்டை மெல்ல இறக்குங்கள். பெரிய சக்கரங்கள் உள்ள பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அச்சுமுனையையும் அதன் துளைக்குள் நகர்த்திவிடுங்கள். உட்காரவில்லை என்று தகட்டை அழுத்தினால் அச்சுமுனை முறியும்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளின் வரலாறு சோகமானது. தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துருநீக்கும் ஸ்பிரே எல்லாம் பார்த்த கடிகாரங்கள் வரும். தாவர எண்ணெய் காற்றில் கெட்டியாகிப் பிசினாகும். ஸ்பிரே கொஞ்ச நாளில் ஆவியாகி ஒட்டும் படலத்தை மட்டும் விட்டுப்போகும். கடிகாரத்துக்கென்று விற்கும் செயற்கை எண்ணெயை மட்டும் பயன்படுத்துங்கள்.

கம்பி முனையில் தொட்டெடுத்த ஒரு துளி போதும். அச்சுத் துளையைச் சுற்றியுள்ள குழி பாதி நிறைந்தால் நிறுத்துங்கள். நிரம்பினால் எண்ணெய் வழிந்து தகட்டில் பரவி, துளை வறண்டுவிடும். பேலட்டின் முகங்களுக்கும், பெண்டுலக் கம்பியைப் பிடித்து ஆட்டும் வளைகம்பிக்கும் மிகச் சிறிதளவு. ஸ்பிரிங்குக்கு மெல்லிய கிரீஸ். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் விடவே கூடாது. தூசி ஒட்டி உப்புத்தாள் போலாகிவிடும்.

பீட்டும் மணிக்கணக்கும்

சோதனைத் தாங்கியில் மாட்டி, சிறிதளவு மட்டும் சாவி கொடுத்து, பெண்டுலத்தை ஆட்டிவிடுங்கள். கண்ணை மூடிக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும்; பீட் சரியாக இருக்கிறது என்பது இதைத்தான். நொண்டினால், கடிகாரத்தின் அடிப்பகுதியை இடமோ வலமோ நகர்த்தி எங்கே சீராகிறது என்று பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்தியபோது சீரானதோ, அதே பக்கம் அந்த வளைகம்பியை இம்மி வளைத்துவிட்டு, கடிகாரத்தை நேராக்குங்கள். 'ஓட மாட்டேன் என்கிறது' என்று வரும் கடிகாரங்களில் பலவற்றுக்கு இதைத் தவிர வேறு நோயே கிடையாது.

மணி தப்பாக அடித்தால் பதற வேண்டாம். இந்த வகையில் பெரும்பாலான கடிகாரங்களில், ஓரம் வெட்டிய ஒரு சக்கரம்தான் எத்தனை அடி என்று எண்ணுகிறது. அதற்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. எண்ணும் நெம்புகோலைத் தூக்கித் தூக்கி, முள் காட்டும் மணி வரும்வரை அடிக்கவிடுங்கள். நிமிட முள்ளைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள். முன்னோக்கித் திருப்பும்போதும் ஒவ்வொரு அரை மணியிலும் அடித்து முடியும்வரை காத்திருங்கள்.

வேகமாக ஓடினால் குண்டை இறக்குங்கள், மெதுவாக ஓடினால் ஏற்றுங்கள். எஃகுக் கம்பியில் தொங்கும் பெண்டுலம் 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் நாளைக்கு ஏறத்தாழ 5 விநாடி பின்தங்கும். ஆகவே பட்டறையில் சரிசெய்ததை ஏசி போட்ட காட்சிக்கூடத்தில் மறுபடி சரிசெய்யத்தான் வேண்டும்.

பெட்டி, டயல், கண்ணாடி

பழைய பெட்டிகளுக்கு அரக்கைக் கரைத்துப் பூசிய மெருகே அதிகம். மறைவான மூலையில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒரு புள்ளி வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு. ஸ்பிரிட்டை அதோடு மூடி வைத்துவிடுங்கள். பெட்டியைத் துடைக்க, நன்றாகப் பிழிந்த ஈரப் பஞ்சு போதும், அதுவும் ஒரு மூலையில் சோதித்த பிறகு. சுரண்டிவிட்டுப் புது வார்னிஷ் அடிப்பது கூடவே கூடாது.

பெயர்ந்த மரத்துண்டை ஒட்ட, தச்சர்களின் பழைய வஜ்ரமே சிறந்தது. வெந்நீர் ஈரத்தில் இளகும் என்பதால் நாளைக்கு இன்னொருவர் பிரிக்க முடியும். வெள்ளைப் பசையில் ஒட்டியதை மரம் உடையாமல் பிரிப்பது கடினம். மரத்தில் சிறு துளைகளும் புதுப் பொடியும் தெரிந்தால், பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்து தெளிக்காமல், பெட்டியைப் பாலித்தீன் பையில் தனிமைப்படுத்தி அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

தாள் டயலில் தண்ணீர் படக் கூடாது. மென்தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். கறையும் செல்லரித்த ஓரமும் இருக்கட்டும். கதவுக் கண்ணாடியில் பின்புறம் தங்க நிறக் கோலம் இருந்தால், முன்பக்கம் மட்டும் துடைக்கலாம். பின்பக்கம் துடைத்தால் கோலம் துணியோடு வந்துவிடும்.

ஒப்படைக்கும் நாள்

இரண்டு முழு வாரம் பட்டறையில் ஓடட்டும். எட்டு நாள் ஸ்பிரிங்கின் கடைசி நாட்களில் நின்றுபோகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

கடிகாரத்தோடு மூன்று பொருள்களைக் கொடுங்கள். ஒன்று, படங்களோடு கூடிய அறிக்கை: என்ன இருந்தது, என்ன செய்தீர்கள், எதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டீர்கள், எந்த எண்ணெய், எந்தப் பசை. இரண்டு, பராமரிப்புத் தாள்: எந்தக் கிழமை, எத்தனை சுற்று சாவி கொடுக்க வேண்டும், யார் கொடுக்க வேண்டும், வெயிலும் ஏசிக் காற்றும் நேரே படாத சுவர் எது. சாவி ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும். வருவோர் போவோரெல்லாம் முறுக்கினால் உங்கள் உழைப்பு ஒரு பருவம்கூடத் தாங்காது. மூன்று, நீங்கள் கழற்றிய பழைய ஆணி, வாஷர், முறிந்த கம்பி எல்லாம் அடங்கிய பை. அது குப்பை மாதிரிதான் தெரியும், வாங்குகிறவரும் அப்படித்தான் சொல்வார். பையின் மேல் கடிகாரத்தின் பதிவு எண்ணை எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.